வாக்கும் நட்பும்: அரசியற் கருத்து வேறுபாடு பற்றிய ஆய்வுகளின் வரலாறு – ஒரு மதிப்பீடு

1

தேர்தல் பற்றிய சிந்தனையில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ள ஓர் உருவம் உண்டு. எவர்க்கும் கட்டுப்படாது, எவர் சொல்லுக்கும் செவிசாய்க்காது, நாட்டின் பிரச்சினைகளைத் தனித்திருந்து ஆராய்ந்து, தன் அறிவொன்றையே துணையாகக் கொண்டு வாக்களிக்கும் தனிமனிதனின் உருவமே அது. தாராண்மைவாதச் சிந்தனையாளர் பலர் இவனையே சனநாயகத்தின் அடிப்படை அலகாகக் கொண்டனர். அத்தகைய வாக்காளன் எங்கேனும் இருந்தானா என்பது ஒருபுறமிருக்க, இவ்வுருவம் வரலாற்றில் ஆற்றிய பணி யாது என்னும் வினா முதலில் எழுப்பப்பட வேண்டியதாகும். வாக்குரிமையைக் கோருவதற்கு மாத்திரமன்றி, அதனை மறுப்பதற்கும் இதுவே கருவியாயிற்று.

ஆங்கிலச் சட்டவறிஞர் வில்லியம் பிளாக்ஸ்ரன் 1765ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தமது சட்ட விளக்கவுரையில், வாக்காளர்க்குச் சொத்துத் தகைமை விதிக்கப்படுவதற்குக் கூறிய நியாயம் இவ்வகையில் நோக்கத்தக்கது. பிறரை அண்டி வாழ்வோர் தமக்கெனச் சுயவிருப்பு அற்றவர். அவர்க்கு வாக்களித்தால் அவ்வாக்கு அவர்தம் எசமானரின் வாக்காகவே அமையும் என்பது அவர் வாதத்தின் சாரமாகும். சுயமாகச் சிந்திக்க இயலாதவன் என முதலில் வரையறுத்து, அவ்வரையறையையே காரணமாகக் காட்டி உரிமையை மறுக்கும் இத்தருக்கம் பின்னர் பல நாடுகளிற் பல வடிவங்களில் எடுத்தாளப்பட்டது.

இலங்கையிலும் இதன் எதிரொலியைக் கேட்கலாம். 1927இல் இங்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, மக்கள் தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினர்க்கே வாக்குரிமை இருந்த நிலையைக் கண்டு, 1928ஆம் ஆண்டு அறிக்கையிற் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் உள்ளிட்ட மேற்குடித் தலைவர் பலர் அதனை எதிர்த்தனர். எழுத்தறிவும் சொத்தும் அற்ற மக்கள் தமது வாக்கைச் சுயமாகப் பயன்படுத்த வல்லரோ என்னும் ஐயம் அவ்வெதிர்ப்பின் அடியில் இருந்தது. அவ்வெதிர்ப்பையும் மீறி 1931இல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது.

சுற்றத்தாராலும் நண்பராலும் அயலவராலும் ஒருவரது வாக்கு உருப்பெறுவது பின்தங்கிய சமுதாயங்களுக்கே உரிய குறைபாடா? அன்றேல், எல்லாச் சமுதாயங்களிலும் வாக்கு அவ்வாறுதான் உருவாகின்றதா? அவ்வாறாயின், நண்பர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றும்போது நிகழ்வது யாது? இவ்வினாக்கட்குரிய விடைகளைத் தேர்தலாய்வு மிக விரிவாக மேற்கொள்ளப்பட்ட ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்திலிருந்து பெற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

அமெரிக்க ஆய்வுகளை அணுகுமுன், வாக்களிப்பின் வடிவம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு அவசியமாகின்றது. பிரித்தானியாவில் 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டம் வரும்வரை வாக்களிப்புப் பகிரங்கமாகவே நடைபெற்றது. இன்னார் இன்னார்க்கு வாக்களித்தார் என்னும் விபரம் பதிவேடுகளில் எழுதப்பட்டதோடு, பல இடங்களில் அச்சிட்டு விற்கவும் பட்டது. ஜோன் வின்சன்ற் என்னும் வரலாற்றாசிரியர் 1967இல் வெளியிட்ட நூலில் இப்பதிவேடுகளைத் தொழில்வாரியாக ஆராய்ந்தார். செருப்புத் தைப்போர் பெரும்பாலும் தாராண்மைக் கட்சியின் பக்கமும், இறைச்சிக் கடைக்காரர் பெரும்பாலும் பழமைபேண் கட்சியின் பக்கமும் நின்றமை அவற்றாற் புலனாயிற்று. தொழிலும் அதனைச் சூழ்ந்த பழக்கமும் வாக்கை உருவாக்கியமைக்கு இவை எழுத்துச் சான்றுகளாகும்.

பகிரங்க வாக்கெடுப்பில் அயலவரின் கண் ஒரு பலம் வாய்ந்த கருவியாக விளங்கியது. 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலவுடைமையாளரின் விருப்புக்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் நாட்டுக் குத்தகை விவசாயிகள் பலர் தமது நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அழுத்தம் மேலிருந்து மட்டும் வந்தது என்று கொள்வதும் பொருந்தாது. வாக்குரிமை அற்ற தொழிலாளர், தமக்கு எதிராக வாக்களித்த கடைக்காரரிடம் பொருள் வாங்க மறுக்கும் வழக்கமும் அன்று இருந்தது. இந்நிலையில், 1838இற் சாசன இயக்கத்தினர் முன்வைத்த கோரிக்கைகளுள் இரகசிய வாக்கெடுப்பும் ஒன்றாக இடம்பெற்றது. ஆயின், சுதந்திரம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜோன் ஸ்ருவேட் மில் 1861இல் வெளியிட்ட நூலில் இதனை எதிர்த்தார். வாக்கு ஒருவனது சொந்த உடைமை அன்று, பொது நலனுக்காக அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆகவே அது பொதுமக்கள் கண்முன் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் தந்தையாராகிய ஜேம்ஸ் மில் இரகசிய வாக்கெடுப்பை ஆதரித்தவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

வரலாறு மகனின் கட்சியை ஏற்கவில்லை. விக்ரோறியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய குடியேற்ற நாடுகள் 1856இலும், பிரித்தானியா 1872இலும், அமெரிக்க மாநிலங்களுள் மசச்சூசெற்ஸ் 1888இலும் அரச செலவில் அச்சிட்ட வாக்குச்சீட்டைக் கொண்ட இரகசிய முறையைத் தழுவின. இம்மாற்றத்தின் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். சட்டம் மறைத்தது வாக்களிக்கும் செயலையே. அச்செயலுக்கு முந்திய வாரங்களிலும் மாதங்களிலும் வீட்டிலும் வேலைத்தலத்திலும் கோவில் முற்றத்திலும் கருத்து உருவாகும் முறையை எச்சட்டமும் மறைக்கவில்லை; மறைக்கவும் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர் புகுந்தது இக்களத்திலேயேயாம்.

3

இத்துறையின் முன்னோடியான போல் லசார்ஸ்பெல்ட் 1901இல் வியன்னாவிற் பிறந்தவர். இளமையிற் சோசலிச மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டவர். வேலையின்மையால் நிலைகுலைந்த மரியந்தால் என்னும் கிராமத்தைப் பற்றி மரி யஹோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோருடன் அவர் மேற்கொண்ட ஆய்வு 1933இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் அங்கேயே தங்கிக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிலையம் ஒன்றைக் கட்டியெழுப்பினார். சோசலிசக் கட்சிக்கு வாக்களிப்பதும் சவர்க்காரம் வாங்குவதும் ஆய்வு முறையளவில் ஒத்தனவே என்று தமது பிற்கால நினைவுக் கட்டுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார். சந்தை ஆய்வின் கருவிகளைக் கொண்டு அரசியலை அளக்கும் இப்போக்கின் பலமும் பலவீனமும் இக்கூற்றில் ஒருங்கே தென்படுகின்றன.

1940ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிற் பிராங்கிளின் றூஸ்வெல்ற்றை வென்டல் வில்க்கி எதிர்த்தார். அத்தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரைக் கொண்ட ஒரே குழுவினர் மே மாதம் முதல் நவம்பர் வரை மாதந்தோறும் வினவப்பட்டனர். லசார்ஸ்பெல்ட், பேர்ணாட் பெரெல்சன், ஹேசல் கோடெற் ஆகியோர் இதன் முடிபுகளை 1944இல் நூலாக்கினர். வானொலியும் பத்திரிகையும் வாக்காளரை விருப்பப்படி ஆட்டுவிக்கின்றன என்னும் அச்சம் பரவியிருந்த காலம் அது. ஆய்வு காட்டியதோ வேறு. பிரசாரத்தினால் ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு முற்றாக மாறியோர் ஏறத்தாழ 8 வீதத்தினரே. ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னரே கொண்டிருந்த நிலைப்பாட்டில் மேலும் உறுதி பெற்றனர். மாறியோரும் தடுமாறியோரும் மேடைப் பேச்சையும் பத்திரிகையையும் விடத் தமக்கு அறிமுகமானோரின் சொல்லையே கூடுதலாகக் குறிப்பிட்டனர்.

இவற்றினின்றும் இரு கருத்தாக்கங்கள் தோன்றின. பத்திரிகையும் வானொலியும் தரும் செய்தி முதலிற் சில கருத்துத் தலைவரை அடைந்து, அவர் வழியாகவே ஏனையோரைச் சென்றடைகின்றது என்னும் இருபடிப் பாய்வுக் கோட்பாடு ஒன்று. முரண் அழுத்தம் பற்றிய கோட்பாடு மற்றொன்று. ஒருவரது சமயம் ஒரு பக்கமும் வர்க்கம் மறுபக்கமும் இழுக்கும்போது, அன்றேல் குடும்பம் ஒரு கட்சியாகவும் நண்பர் மறு கட்சியாகவும் இருக்கும்போது, அவர் முடிவெடுப்பதைத் தாமதிக்கின்றார். தேர்தலில் அவர்க்குள்ள அக்கறை குன்றுகின்றது. சில வேளைகளில் வாக்களியாதும் விடுகின்றார் என்று அவர்கள் கண்டனர்.

இவ்வாய்வின் ஒரு தரவு தனியாகக் கவனிக்கத்தக்கது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 4 வீதத்தினரே தமது குடும்பத்தில் எவரேனும் தமக்கு மாறாக வாக்களித்ததாகக் கூறினர். குடும்பம் அரசியலில் ஒருமுகப்பட்ட அலகு என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. எனினும், ஒருமுகம் என்பது இணக்கமா அன்றிப் பணிவா என்பதை எண்கள் மட்டும் உணர்த்திவிடுவதில்லை. அரசியலைப் பற்றித் தமது கணவரிடமோ தந்தையிடமோ கேட்டறிந்ததாகப் பெண்கள் கூறியமையும், ஆண்கள் அவ்வாறு மனைவியரைக் குறிப்பிடாமையும் இவ்வையத்தை வலுப்படுத்துகின்றன. வேறுபாடு இன்மையை ஒற்றுமையின் அடையாளமாகவே கொள்ளும் ஆய்வாளன், வேறுபட இயலாத நிலையைக் காணத் தவறிவிடுதல் கூடும்.

4

1948ஆம் ஆண்டுத் தேர்தலில் நியூயோர்க் மாநிலத்து எல்மைறா நகரில் ஏறத்தாழ 1,000 பேரைக் கொண்டு இரண்டாவது ஆய்வு நிகழ்ந்தது. பெரெல்சன், லசார்ஸ்பெல்ட், வில்லியம் மக்பீ ஆகியோர் இதனை 1954இல் வெளியிட்டனர். அத்தேர்தலில் தோமஸ் டியூவி வெல்வார் என்று கருத்துக் கணிப்புகள் கூறின. ஹரி ட்றூமன் வென்றார். எல்மைறாவிலும், விலைவாசியும் தொழிலாளர் உரிமையும் இறுதி வாரங்களில் முன்னிலைக்கு வந்தபோது, விலகி நின்ற சனநாயகக் கட்சி ஆதரவாளர் பலர் தம் பழைய பக்கத்துக்குத் திரும்பினர். வர்க்க நலன் உணரப்படும்போது பழைய உறவுகள் மீண்டும் உயிர்பெறுகின்றன என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

எல்மைறா குடியரசுக் கட்சியின் செல்வாக்கு மிகுந்த நகரம். அங்கு நண்பரெல்லாம் தம் கட்சியினராயிருந்த சனநாயகக் கட்சியினர் உறுதியாக நின்றனர். நண்பர் வட்டம் பிளவுபட்டிருந்த இடத்திலோ, பிளவின் பயன் இரு கட்சிக்கும் சமமாகக் கிட்டவில்லை. நகரின் பெரும்பான்மைக் கட்சிக்கே அது சார்பாயிற்று. ஆய்வாளர் இதனை முறிவு விளைவு என்றனர். நெருங்கிய வட்டத்தின் பிடி தளரும்போது அவ்விடத்தை நிரப்புவது சுதந்திரச் சிந்தனை அன்று, ஊரின் பெரும்பான்மைக் கருத்தே என்பதே இதன் பொருளாகும். சிறுபான்மையினரின் கருத்து நிலைபெறுவதற்கு நெருங்கிய தோழர் எத்துணை இன்றியமையாதவர் என்பது இதனாற் பெறப்படுகின்றது. தொழிற்சங்க உறுப்பினர் ஏனைத் தொழிலாளரிலும் அதிகமாகச் சனநாயகக் கட்சியைச் சார்ந்திருந்தமையும் இவ்வழியே விளங்கிக்கொள்ளத்தக்கது.

இத்துணை வளமான தரவுகளிலிருந்து நூலாசிரியர் வந்தடைந்த அரசியல் முடிபு ஏமாற்றமளிப்பதாகும். சனநாயகக் கோட்பாடு வாக்காளனிடம் எதிர்பார்க்கும் அறிவும் அக்கறையும் பெரும்பாலோரிடம் இல்லை. ஆயினும் முறைமை இயங்குகின்றது. அக்கறை குன்றியோர் இருப்பதும் முறைமையின் நெகிழ்வுக்கும் நிலைபேற்றுக்கும் உதவுகின்றது என அவர்கள் வாதித்தனர். முரண் அழுத்தத்தால் வாயடைக்கப்பட்டவனின் மௌனத்தை முறைமைக்குரிய எண்ணெயாகக் காணும் இப்பார்வை, 1950களின் அமெரிக்கச் சமூகவியலில் ஓங்கியிருந்த சமநிலை வாதத்தின் வெளிப்பாடெனல் தகும். பிளாக்ஸ்ரன் பிறரை அண்டியவனை வாக்கிலிருந்து விலக்கினார். இவர்களோ தாமாகவே விலகிக்கொண்டவனைக் கண்டு ஆறுதலடைந்தனர்.

1960இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அங்கஸ் கம்பெல் முதலிய நால்வர் வெளியிட்ட நூலுடன் ஆய்வின் திசை மாறியது. நாடு முழுவதிலுமிருந்து எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டோரிடம் தரவு திரட்டிய இவர்கள், கட்சியுடன் வாக்காளர்க்குள்ள உளவியற் பிணைப்பையே முதன்மைப்படுத்தினர். நாட்டு நிலைமையை அறிய இம்முறை சிறந்தது. ஆயின், ஒருவரையொருவர் அறியாதோரைத் தெரிந்தெடுத்த அந்த முறையின் தன்மையாலேயே நட்பும் அயலும் ஆய்வாளனின் பார்வையிலிருந்து மறைந்தன. வாக்காளன் மீண்டும் தனிமனிதனானான். இம்முறை தத்துவத்தினால் அன்று, ஆய்வு நுட்பத்தினால்.

5

இக்குறையை நிவர்த்தி செய்ய முற்பட்டவர் றொபேட் ஹக்பெல்ட், ஜோன் ஸ்பிரேக் ஆகிய இருவராவர். 1984ஆம் ஆண்டு றொனால்ட் றேகனும் வோல்ற்றர் மொண்டேலும் போட்டியிட்ட தேர்தலின்போது, இந்தியானா மாநிலத்தின் சவுத் பென்ட் நகரில் 16 குடியிருப்புப் பகுதிகளைத் தெரிந்து ஏறத்தாழ 1,500 பேரை இவர்கள் வினவினர். 1963இன் இறுதியில் ஸ்ருடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலை மூடப்பட்டதால் பெருந்தாக்கத்துக்குள்ளான தொழிலாளர் நகரம் அது. அரசியலைப் பற்றி யாருடன் உரையாடுவீர் எனக் கேட்டுப் பெயர்களைப் பெற்றதோடு அமையாது, அவ்வாறு பெயர் குறிக்கப்பட்டோரில் 900க்கு மேற்பட்டோரையும் நேரே வினவியமை இவ்வாய்வின் புதுமையாகும். நண்பரின் கருத்தைப் பற்றி ஒருவர் சொன்னதை அந்நண்பரே சொன்னதோடு ஒப்பிட இதனால் முடிந்தது.

கிடைத்த முடிபுகள் பல. நண்பரைத் தெரிவு செய்யும் உரிமை நமக்குண்டெனினும், எவரிலிருந்து தெரிவு செய்வது என்பதை வாழும் இடம் பெருமளவு வரையறுக்கின்றது. குடியரசுக் கட்சியினர் நிறைந்த பகுதியில் வாழும் சனநாயகக் கட்சியினன் மாற்றுக் கட்சியினரோடு உரையாடாதிருத்தல் அரிது. கருத்து வேறுபாடு பல வேளைகளில் உணரப்படுவதேயில்லை. நண்பன் தன்னைப் போலவே எண்ணுகின்றான் என்று கொள்ளும் மனப்போக்கு பரவலாக உள்ளது. இவற்றினும் முக்கியமான முடிபு, நண்பர்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலம் நிலைத்திருக்கின்றது என்பதாகும்.

பழைய கோட்பாட்டின்படி இது புதிராகும். நண்பர் ஒருவரையொருவர் மாற்றுவர், அன்றேல் விலகுவர். ஈற்றில் வட்டங்கள் யாவும் ஒருமுகப்படுதல் வேண்டும். ஏன் அவ்வாறு நிகழ்வதில்லை? போல் ஜோன்சனும் இணைந்து மூவரும் 2004இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகின்றது. இரு நண்பர் கட்சி வேறுபட்டவர் எனக் கொள்வோம். முதலாமவரின் ஏனைய நண்பர் மூவர் அவரது கட்சியினர்; இரண்டாமவரின் ஏனைய நண்பர் மூவர் இவரது கட்சியினர். இந்நிலையில் இருவரும் எத்துணை வாதிட்டாலும், ஒவ்வொருவரும் தத்தம் வட்டத்துக்குத் திரும்பும்போது வலுப்பெற்றே திரும்புகின்றனர். நட்பும் நீடிக்கின்றது, வேறுபாடும் நீடிக்கின்றது. மாறாக, ஒருவரைச் சூழ்ந்த யாவரும் மாற்றுக் கட்சியினராயின் அவரது கருத்து நெடிது நிற்பதில்லை. ஆகவே, ஒரு நண்பரின் செல்வாக்கு அவரது வாதத்திறனில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கேட்பவரைச் சூழ்ந்துள்ள ஏனையோர் எத்தகையோர் என்பதிலும் தங்கியுள்ளது.

1951 முதல் சொலமன் ஆஷ் நடத்திய உளவியற் பரிசோதனைகளும் இதற்கு இயைபானவை. கோடுகளின் நீளம் பற்றிக் குழுவினர் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடை கூறியபோது, கண்ணெதிரே உண்மை தெரிந்தும் பலர் குழுவின் விடையையே கூறினர். குழுவில் ஒருவரேனும் சரியான விடையைக் கூறியபோது அப்பணிவு பெருமளவு குறைந்தது. உண்மையைப் பற்றி நிற்பதற்குப் பெரும்படை வேண்டுவதில்லை. ஒரு துணை போதுமானது. ஆயின், அத்துணை இல்லாதபோது தனிமனிதனின் அறிவு மாத்திரம் அவனைக் காப்பதில்லை.

6

கருத்து வேறுபாட்டுக்கு விலையும் உண்டு. டயானா மற்ஸ் 2006இல் வெளியிட்ட நூலில் இவ்விலையை மதிப்பிட்டார். மாற்றுக் கருத்தினரோடு பழகுவோர் எதிர்த்தரப்பின் நியாயங்களைக் கூடுதலாக அறிந்திருந்தனர். அத்தரப்பின் உரிமைகளை மதிக்கும் சகிப்பும் அவரிடம் மிக்கிருந்தது. அதேவேளை, அரசியற் செயற்பாட்டில் அவர் பின்தங்கினர். யாருக்கு வாக்களிப்பது என்னும் முடிவையும் தாமதித்தனர். இரு தரப்பிலும் நண்பரை உடையவர் எவரையும் புண்படுத்த விரும்பாது ஒதுங்கிக்கொள்வது இதற்கொரு காரணமாம். கலந்தாராயும் சனநாயகமும் செயலில் இறங்கும் சனநாயகமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்னும் பொது நம்பிக்கையை இது கேள்விக்குள்ளாக்கியது. ஈரி ஆய்வின் முரண் அழுத்தக் கோட்பாடு அறுபது ஆண்டுகளின் பின் புதிய சான்றுகளோடு மீண்டதெனலாம்.

ஆயினும் இதற்கு ஒரு திருத்தம் உண்டு. சவுத் பென்ட் தரவுகளை 2006இல் மீண்டும் ஆராய்ந்த ஸ்கொற் மக்ளேர்க், வேறுபாடு எல்லோரையும் ஒரே வகையில் ஒதுங்கச் செய்வதில்லை எனக் காட்டினார். தாம் வாழும் பகுதியிற் சிறுபான்மையினராக இருப்போரையே அது செயலிழக்கச் செய்கின்றது. பெரும்பான்மையின் பக்கம் நிற்போர் நண்பரின் மறுப்பை எளிதில் தாங்கிக்கொள்கின்றனர். ஆகவே, மௌனம் கருத்து வேறுபாட்டின் இயல்பான விளைவன்று. சமமற்ற பலத்தின் விளைவாகும்.

மற்ஸின் மற்றொரு முடிபு கல்வியாளராகிய நமக்கு உவப்பானதன்று. மாற்றுக் கருத்தினரோடு மிகக் குறைவாக உரையாடுவோர் உயர் கல்வியும் உயர் வருமானமும் உடையோரே. பள்ளிக் கல்வியை முடிக்காதோரிடையே அத்தகைய உரையாடல் கூடுதலாக இருந்தது. வசதி படைத்தவன் தன் அயலையும் நண்பரையும் தெரிந்துகொள்ளவல்லன். ஏழைக்கு அத்தெரிவு குறைவு. வேறுபட்டோர் இயல்பாகச் சந்திக்கும் இடமாக வேலைத்தலம் விளங்குவதை, அவரும் ஜெஃப்றி மொண்டக்கும் அதே ஆண்டில் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. எவரெவர் சுயமாக ஆராய வல்லர் என்று பிளாக்ஸ்ரன் முதலானோர் கருதினரோ, அவர்தம் வழிவந்தோரே தம்மைப் போன்றோரின் குரலை மட்டும் கேட்டு வாழ்கின்றனர் என்பது வரலாற்றின் முரணாகும்.

7

இதுகாறும் கூறியவற்றால், வேறுபாடு என்றும் நன்று, ஒருமுகம் என்றும் தீது என்னும் முடிபுக்கு வருதல் பொருந்தாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகின்றது. அம்மக்களுள் பழமைபேண் கருத்துடையோர் உளரெனினும், 1964இன் பின்னரான தேர்தல்களில் மிகப் பெரும்பாலானோர் சனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வந்துள்ளனர். இஸ்மாயில் வைற், செறில் லெயாட் ஆகிய இருவரும் 2020இல் வெளியிட்ட நூல் இதன் காரணத்தைக் கறுப்பினச் சமூகத்தின் உறவுகளிற் காண்கின்றது. அடிமைத்தனத்திலும் அதன் பின்னரான இன ஒதுக்கலிலும் ஒற்றுமையே அம்மக்களின் அரசியல் வளமாக இருந்தது. அவ்வொற்றுமையினின்று விலகுவோர் உறவினரதும் நண்பரதும் கண்டனத்துக்கு ஆளாகின்றனர். தம்மினத்தவர் முன்னிலையில் இருக்கும்போது விலகல் குறைகின்றது என அவர்கள் பரிசோதனை வாயிலாகவும் காட்டினர்.

இதனைக் கூட்டத்தோடு கூடி ஓடுதல் என்று இகழ்தல் எளிது. எனினும், தனித்தனியே நின்றால் பலமற்றோராகிய மக்கள் கூடி நின்றே வாக்கைப் பயனுடையதாக்கினர் என்பதை மறுத்தல் இயலாது. நம் நாட்டிலும், 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தமது அமைப்பின் வழிநின்று வாக்களித்தனர். 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களும் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அவர்தம் கூட்டு வாக்கின் பலம் பற்றிய அச்சமும் இதற்கொரு காரணமென வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே, எழுப்பப்பட வேண்டிய வினா, கூடி வாக்களித்தல் தகுமா என்பதன்று. கூட்டத்தினுள் மாற்றுக் கருத்தைக் கூறியவன் கூட்டத்தினுள்ளேயே தொடர்ந்து வாழ முடிகின்றதா என்பதேயாம். வெளிப் பகைக்கு எதிரான ஒற்றுமை, உள்ளிருந்து எழும் வினாவையும் பகையாகக் கருதத் தொடங்கும்போது, அது தன்னை வளர்த்த நோக்கத்தையே இழந்துவிடுகின்றது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிபுகளைப் பெறலாம். முதலாவதாக, நண்பராலும் அயலவராலும் வாக்கு உருப்பெறுவது கல்வியறிவற்ற சமுதாயங்களின் குறைபாடு அன்று. கைத்தொழில் வளர்ச்சி மிக்க அமெரிக்காவிலும் வாக்கு அவ்வாறே உருவாகியுள்ளது. இதனைக் காரணங்காட்டி எம்மக்களது வாக்குரிமையையும் ஐயுறுவது வரலாற்றுக்கு முரணாகும்.

இரண்டாவதாக, கருத்து வேறுபாடு நிலைத்திருப்பது தனிமனிதரின் மனவுறுதியால் மட்டுமன்று. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டங்களைச் சேர்ந்தவராக இருப்பதாலேயே அது பெரிதும் நிலைபெறுகின்றது. வேலைத்தலத்தில் ஒரு வட்டம், அயலில் ஒரு வட்டம், சங்கத்தில் ஒரு வட்டம் எனப் பல இருக்குமிடத்து, ஒன்றிற் சிறுபான்மையாக நிற்பவர் மற்றொன்றில் துணை பெறுகின்றார். தொழிற்சாலை மூடப்படும்போதும், தொழிற்சங்கம் நலியும்போதும், மக்கள் இனவாரியாகவோ வருமானவாரியாகவோ பிரிந்து குடியேறும்போதும் அழிவது பொருளாதாரம் மாத்திரமன்று. வேறுபட்டோர் சந்தித்து வாதிட்டுப் பின்னும் நண்பராக இருக்கும் களமும் அழிகின்றது.

மூன்றாவதாக, இரகசிய வாக்குச்சீட்டு வாக்காளரின் கையைக் காத்தது. அவரது குரலைக் காக்கும் பொறுப்பைச் சமுதாயத்திடமே விட்டது. அக்குரல் அச்சமின்றி ஒலிக்குமிடத்திலேயே மில் வேண்டிய பொதுப் பொறுப்பும், சாசன இயக்கத்தினர் வேண்டிய பாதுகாப்பும் ஒன்றோடொன்று முரணாது நிற்கும்.

நமது சூழலில் இவ்வகை ஆய்வு மேற்கொள்ளப்படுமாயின், கிராமத்து வாசிகசாலையும் சனசமூக நிலையமும், தொழிற்சங்கக் கிளையும், ஆலய பரிபாலன சபையும், பல்கலைக்கழக விடுதியுமே அதற்குரிய களங்களாதல் வேண்டும். யார் எக்கட்சிக்கு வாக்களித்தனர் என்று எண்ணுவதோடு ஆய்வாளர் நின்றுவிடலாகாது. மாறுபட்ட கருத்தை யார் யாரிடம் கூறினர், கூறியபின் அவ்விருவரது உறவு யாதாயிற்று, கூறாது விட்டோர் எதற்காக விட்டனர் என்பனவும் வினவப்பட வேண்டும். அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள், தேர்தல் முடிவுகளின் பட்டியல் காட்டாத ஒன்றை, அதாவது நம் சனநாயகம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை, நமக்கு உணர்த்தும்.